டெல்டாவில் மூச்சு முட்டும் டீசல் கார்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். கரந்தையில் நெரிசல், பள்ளியக்ரஹாரத்தில் வேகத்தடை, பாலத்துக்குப் பாலம் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிடுதல், கண்டியூர் முக்கில் மறுபடியும் நெரிசல். இந்தச் சாலையில் நான்காவது கியரைப் போட்டு ஐந்து நிமிடம் கையெடுக்காமல் ஓட்டிவிட்டால் அன்றைக்கு யோகம்தான். ஊர் அழகு, பயணம் சுகம். காரின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பீங்கான் பெட்டிக்கு மட்டும் இந்தப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை.

அந்தப் பெட்டியின் பெயர் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர். பட்டறைக்காரர்கள் சுருக்கமாக டிபிஎஃப் என்பார்கள். 2020க்குப் பிறகு வாங்கிய டீசல் கார் உங்களிடம் இருந்தால் அநேகமாக அதில் இது இருக்கிறது. அது அடைக்கத் தொடங்கும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். குழாய் நுழைகிற ஒரு பெட்டி, அதற்குள்ளே சில புள்ளிகள், அதுதான் சின்னம். சிவப்பு அல்ல, மஞ்சள். வண்டி நிற்காது, ஏசி குளிரும், பாட்டுப் பாடும். ஆகவே நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைக் கண்டுகொள்வதில்லை. சில நாள் கழித்து மைலேஜ் இறங்கும். அப்புறம் ஒருநாள் பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது. எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். ‘லிம்ப் மோடு’ என்பது அதன் பெயர். அதன்பிறகு பட்டறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே போகும்:

“லைட்டு எப்பண்ணே எரிஞ்சுச்சு?”

“பொங்கலுக்கு முன்னாடியே எரிஞ்சுச்சு தம்பி. வண்டிதான் நல்லா ஓடுச்சே!”

“லாங்கு எங்கயும் போகலையா?”

“அறுப்பு நேரத்துல எங்கப்பா போறது?”

தம்பி ஸ்கேனரை மாட்டுவார். அது காட்டும் எண்ணைப் பொறுத்துத்தான் செலவு சில ஆயிரமா, லட்சமா என்பது தெரியும்.

பெட்டிக்குள் நடப்பது

கார்டியரைட் அல்லது சிலிக்கன் கார்பைடு என்ற, பீங்கான் வகையைச் சேர்ந்த பொருளில் செய்த உருளை அது. நீளவாக்கில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும். பக்கத்துக் குழாய்க்கு முன்வாய் அடைத்துப் பின்வாய் திறந்திருக்கும். எஞ்சினிலிருந்து வரும் புகை ஒரு குழாயில் நுழைந்துவிட்டால் நேரே வெளியே போக வழியில்லை. நுண்துளைகள் உள்ள சுவரை ஊடுருவி அடுத்த குழாய்க்குப் போய்த்தான் வெளியேற வேண்டும். காற்று போய்விடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி, வரும் கரித்துகளில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் பிடித்துவைத்துக்கொள்கிறது.

நம்பிக்கையில்லை என்றால் வண்டி நன்றாக ஆறிய பிறகு சைலன்சர் வாய்க்குள் விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். வடிகட்டி சரியாக இருந்தால் விரலில் கரி ஒட்டாது. ஒட்டினாலும் லேசாகத்தான் இருக்கும். விரல் மைபோலக் கறுத்தால் பெட்டி உள்ளே உடைந்திருக்கிறது, இல்லையேல் யாரோ அதைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இது.

பிடித்த கரியை அப்படியே வைத்திருந்தால் பெட்டி நிரம்பிவிடும். ஆகவே அவ்வப்போது அதை எரித்துத் தீர்க்க வேண்டும். இதற்கு ‘ரீஜெனரேஷன்’ என்று பெயர், பட்டறையில் ‘ரீஜென்’. இரண்டு வகையில் நடக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது புகை தானாகவே சூடேறி, அதிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியோடு கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டே இருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அது போதாதபோது காரின் கம்ப்யூட்டர் களத்தில் இறங்கும். எஞ்சினுக்குள் எரிபொருளைச் சற்றுத் தாமதமாகப் பீய்ச்சும். அந்த டீசல் சிலிண்டரில் முழுதும் எரியாமல் புகையோடு போய், வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வினையூக்கியில் எரிந்து, வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோகும். பெட்டியில் சேர்ந்த கரி எரிந்து தீரும். பத்திலிருந்து இருபது நிமிடம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஓரளவு வேகத்தில்.

சும்மா நின்று உறுமும் டீசல் எஞ்சினின் புகையில் 200 டிகிரியே தேறாது. ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது கரியைச் சேர்க்குமே ஒழிய எரிக்காது.

எங்கிருந்து வந்தது

வடிகட்டி புதிதல்ல. 2000ஆம் ஆண்டிலேயே பிரான்சின் பூஜோ நிறுவனம் தன் 607 மாடலில் இதைப் பொருத்தி விற்றது. நம் ஊருக்கு அது சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. பிஎஸ்-4 என்ற வாகனப் புகை விதியிலிருந்து ஐந்தாம் படியை விட்டுவிட்டு நேரே பிஎஸ்-6க்குத் தாவுவது என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 2020 மார்ச் 31க்குப் பிறகு பிஎஸ்-4 வண்டிகளை விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டீசல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால் வெளிவிடலாம் என்றிருந்த துகளின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகச் சுருங்கியது. எடைக்கு மட்டுமல்லாமல் துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. வடிகட்டி இல்லாமல் இந்த வரம்புக்குள் ஒரு டீசல் காரைக் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை.

விதி தேவையா என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பஸ் நிலையத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணின் நெஞ்சுக்குள் போகவேண்டியதைத்தான் இந்தப் பெட்டி பிடித்துவைக்கிறது. பெட்டியோடு நமக்குச் சண்டையில்லை.

மாருதி போன்ற நிறுவனங்கள் வேறு கணக்குப் போட்டன. சிறிய டீசல் காரில் இத்தனை சாதனங்களையும் வைத்தால் விலை கட்டுப்படியாகாது என்று 2019 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டு, 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை விட்டுவிட்டது. ஒரு காலத்தில் நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசலாக இருந்தது. இன்று ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் டெல்டாவில் டீசல் மேல் இருக்கும் பற்று அவ்வளவு சீக்கிரம் போகிற பற்றல்ல.

அதற்குக் காரணம் உண்டு. டிராக்டர், பவர் டில்லர், அறுவடை மெஷின், மின்சாரம் வராத திடலில் இறைக்கும் ஆயில் எஞ்சின் எல்லாமே டீசல். பெட்ரோல் என்பது மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவது. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாயை ஒட்டி வித்தியாசம் இருந்தது. ‘டீசல் கார் வாங்கினால் லாபம்’ என்ற பாடம் அப்போது மனதில் பதிந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது, வித்தியாசமும் பத்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அறுப்புக் காலத்தில் ஒரு நாள்

அம்மாப்பேட்டைப் பக்கம் பத்து ஏக்கர் சம்பா போட்டிருக்கும் ஒருவரின் தை மாதத்து நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் வீட்டிலிருந்து வயலுக்கு மூன்று கிலோமீட்டர். அறுக்கும் பெல்ட் மெஷின் எப்போது வரும் என்று ஏஜெண்டைப் பார்க்க இன்னும் நான்கு. திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டு நேரடி நெல் கொள்முதல் நிலையம். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். சாக்கு வந்ததா, லாரி வந்ததா, நம் முறை எப்போது என்று காத்திருக்க வேண்டும். வெயில் ஏறினால் காரில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டு போன் பேசுவார். மாலையில் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெல் ஏற்றும் சரக்கு ரயில் முன்னும் பின்னுமாக நகர்ந்து முடியும்வரை இரண்டு பக்கமும் வண்டி வரிசை கட்டி நிற்கும். மேம்பாலம் கேட்டுக் கேட்டு அந்த ஊர் அலுத்துப்போன கதை தனி.

நாள் முழுக்க எஞ்சின் ஓடியிருக்கிறது. ஒருமுறைகூடப் புகைக்குழாய் வேண்டிய அளவு சூடாகவில்லை. கம்ப்யூட்டர் ரீஜெனைத் தொடங்கிய நேரத்தில் கேட் மூடியிருக்கும், அல்லது வயல் வந்திருக்கும், அல்லது சாவியைத் திருப்பி அணைத்திருப்பார். பாதியில் நின்றுபோன ரீஜென் அடுத்தமுறை திரும்பவும் தொடங்கும், திரும்பவும் நிற்கும்.

இதோடு தூசியும் சேர்கிறது. அறுவடை மெஷின் ஓடும் வயலோரத்தில், களத்து மேட்டில், பதரும் நெல் சுணையும் பறக்கும் காற்றைத்தான் அந்தக் கார் இழுத்துக்கொள்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்துவிட்டால் எஞ்சினுக்குக் காற்று போதாது. காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது, கரி கூடும். டிபிஎஃப் அடைப்புக்கு வைத்தியம் தேடுகிறவர்கள் முதலில் அறுபது நொடியில் கழற்றிப் பார்த்துவிடக்கூடிய ஏர் ஃபில்டரைப் பார்ப்பதே இல்லை. அதேபோல ஒழுகும் இன்ஜெக்டர், கரி பிடித்த இஜிஆர் வால்வு, காற்று கசியும் டர்போ குழாய் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வடிகட்டியை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மறுபடி அடைக்கும்.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. ஐந்நூறு ரூபாய்க்கு டீசல் போடுவது. டேங்க் ரிசர்வுக்கு வந்துவிட்டால் பல கார்கள் ரீஜெனைத் தொடங்குவதே இல்லை, எரிபொருள் தீர்ந்துவிடும் என்ற முன்யோசனையில். எப்போதும் முள் கீழேயே கிடக்கும் வண்டிக்கு எரிக்கிற வாய்ப்பே அமையாது.

அதே மாடல் கார், அதே நிறம், தஞ்சை ரயிலடியில் டாக்ஸியாக நிற்கும். திருச்சி விமான நிலையம், வேளாங்கண்ணி, சென்னை என்று ஓடும். அந்த ஓட்டுநரிடம் டிபிஎஃப் விளக்கைப் பற்றிக் கேட்டால் ‘அது எப்படி இருக்கும்?’ என்பார். அவர் காரில் தூரம் லட்சக் கணக்கில் ஏறியிருக்கும். விவசாயியின் கார் இருபதாயிரத்தைத் தாண்டியிருக்காது. அதற்குள் பட்டறையில் நிற்கும். குறைவாக ஓடின வண்டி நல்ல வண்டி என்று பழைய கார் சந்தையில் நாம் நம்பிவந்ததை இந்தப் பெட்டி தலைகீழாக்கிவிட்டது.

ஆயில் ஏறினால் ஆபத்து

விளக்கை அலட்சியம் செய்து ஓட்டுகிறவர்களுக்கு வடிகட்டியைவிடப் பெரிய செலவு இன்னொரு இடத்தில் காத்திருக்கிறது. தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, வழிந்து, கீழே எஞ்சின் ஆயிலில் கலக்கும். முழு ரீஜென் நடந்தால் கலப்பது கொஞ்சம். தொடங்கித் தொடங்கி நின்றால் ஒவ்வொரு தடவையும் கலக்கும்.

பானட்டைத் திறந்து ஆயில் கேஜை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் நம் கண் பழகியிருக்கிறது. இங்கே அது மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். ‘ஆயில் குறையவே இல்லை, எஞ்சின் சூப்பர்’ என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. இரண்டு விரலால் தேய்த்தால் வழுவழுப்பு இருக்காது, தண்ணியாக ஓடும். மோந்து பார்த்தால் டீசல் வாடை. அந்த ஆயில் டர்போவின் பேரிங்கையும் எஞ்சினின் பேரிங்கையும் காப்பாற்றாது. நிலைமை முற்றினால் அந்தக் கலவையையே எஞ்சின் உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று பார்க்காமல் அப்போதே ஆயிலை மாற்றுவதுதான் சிக்கனம்.

மாற்றும்போது எந்த ஆயில் என்பதும் முக்கியம். கரி எரிந்தாலும் சாம்பல் எரியாது. அது பெட்டியிலேயே நிரந்தரமாகத் தங்கும். அந்தச் சாம்பலின் பெரும்பகுதி எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் வேதிப்பொருள்களிலிருந்து வருவது. அதனால்தான் இந்தக் கார்களுக்கு ‘லோ சாப்ஸ்’ என்ற, சாம்பல் குறைந்த ஆயிலைக் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். டிராக்டருக்கு வாங்கிய கேனில் மீதியிருக்கிறது என்று அதை ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும்.

ரோட்டில் காயும் உளுந்து

சம்பா, தாளடி முடிந்த வயலில் உளுந்தும் பயறும் விளையும். பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையில் பரப்புவது டெல்டா வழக்கம். போகிற வருகிற வண்டிகள் மிதிக்க மிதிக்க மணி உதிரும், கூலி மிச்சம். வைக்கோலும் அப்படித்தான் ரோட்டை அடைத்துக் கிடக்கும். பஸ்ஸும் லாரியும் உயரமானவை, தாண்டிப் போய்விடும். தாழ்வான கார் போகும்போது செடியும் வைக்கோலும் அடியில் சிக்கி, அச்சில் சுற்றி, புகைக்குழாயில் ஒட்டிக்கொண்டு வரும்.

அந்த நேரம் பார்த்து ரீஜென் ஓடிக்கொண்டிருந்தால் பெட்டிக்குள் 600 டிகிரி. காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள அதில் பாதி வெப்பமே போதும். காய்ந்த புல் மேலும் சருகு மேலும் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று டீசல் கார்களின் கையேடுகள் எச்சரிப்பது இதற்காகத்தான். அது ஏதோ காட்டுக்குள் போகிறவர்களுக்குச் சொன்னது என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். வயல் வரப்போரம் வைக்கோல் மேல் காரை ஏற்றி நிறுத்துகிறவர்களுக்குச் சொன்னது என்று அதைப் படிக்க வேண்டும். உளுந்துச் செடியைத் தாண்டி வந்ததும் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

வேகமாக ஓட்டினாலும் அடைத்த கதை

மெதுவாக ஓட்டுவதுதான் குற்றம் என்று முடிவுகட்டிவிடுவதற்கு முன் ஆஸ்திரேலியக் கதையைக் கேட்க வேண்டும். அங்கே 2015 அக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையில் விற்ற டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் சுமார் 2,64,000. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டியபோதே அவற்றின் வடிகட்டி அமைப்பு சரியாக எரிக்கவில்லை. வெள்ளைப் புகை வந்தது, விளக்கு எரிந்தது, மறுபடி மறுபடி சர்வீசுக்குப் போனார்கள். வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். வடிகட்டி அமைப்பின் வடிவமைப்பே குறையுடையது, அதனால் வண்டியின் மதிப்பு 17.5 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2022 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 10 சதவீதமாகியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நம் ஊரில் வடிகட்டி அடைத்தால் முதல் வாக்கியம் ‘நீங்க ஓட்டுற விதம் சரியில்ல சார்’ என்பதுதான். பல நேரம் அது உண்மை. எல்லா நேரமும் அல்ல. விளக்கு எரிந்த தேதி, அப்போதைய கிலோமீட்டர், சர்வீஸ் ரசீது, ஸ்கேனர் காட்டிய எண் இவற்றைப் போன் படமாக எடுத்து வைத்திருப்பவர் கேள்வி கேட்க முடியும். வைத்திருக்காதவர் பில்லைக் கட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

எனக்கு இதில் கோபம் ஷோரூம்கள் மேல்தான். கார் டெலிவரி அன்று துணியைப் போர்த்தி விலக்குகிறார்கள், அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுக்கிறார்கள், கேக் வெட்டுகிறார்கள், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். ‘ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?’ என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. எட்டுக் கிலோமீட்டர் என்று பதில் வந்தால் பெட்ரோல் காரைக் காட்டியிருக்க வேண்டும். விளக்கின் அர்த்தத்தைச் சொல்லும் கையேடு ஆங்கிலத்தில், பிளாஸ்டிக் உறை பிரியாமல், டாஷ்போர்டுக்குள் தூங்குகிறது. நெடுஞ்சாலைக்கென்று செய்த வண்டியை வாய்க்கால் கரையில் வாழ்கிறவருக்கு விற்றுவிட்டு, பிறகு அவர் ஓட்டுகிற விதத்தைக் குறை சொல்வது என்ன நியாயம்?

குடைந்து எடுப்பவர்கள்

புதிய வடிகட்டியின் விலை பல மாடல்களில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தத் தொகையைக் கேட்டதும் அடுத்த யோசனை வரும்: பெட்டியை அறுத்து, உள்ளே இருக்கும் பீங்கானை உடைத்து எடுத்து, வெறும் கூட்டை வெல்டிங் வைத்து மாட்டிவிடலாம், கம்ப்யூட்டரின் நிரலையும் மாற்றிவிடலாம். புல்லிங் பிரமாதமாக இருக்கும் என்று ஆசை காட்டுவார்கள். இருக்கத்தான் செய்யும்.

இது சட்டப்படி குற்றம். கம்பெனி கொடுத்த வடிவத்தை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிடிபடுகிறார்களா என்பது வேறு விஷயம். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நடக்கும் நமது புகைப் பரிசோதனை, புகை எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை அது எண்ணுவதில்லை. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் வடிகட்டி இல்லாத காரும் சான்றிதழ் வாங்கிவிடும். பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும் துகள்களை எண்ணும் கருவியைப் பரிசோதனை நிலையங்களுக்குக் கொண்டுவந்துவிட்டன. அங்கே குடைந்த பெட்டி சில நொடியில் மாட்டிக்கொள்ளும்.

செங்கிப்பட்டி வரை ஒரு நடை

மஞ்சள் விளக்கு எரிந்த அன்றே செய்தால் வைத்தியம் மிக மலிவு. கால் டேங்குக்கு மேல் டீசல் போட்டுக்கொண்டு திருச்சி சாலையில் ஏறுங்கள். வல்லம் தாண்டி செங்கிப்பட்டி வரை போய்த் திரும்பலாம். நான்கு வழிச்சாலை, ஆறும் இல்லை, பாலத்து நெரிசலும் இல்லை. வழக்கமாகப் போடும் கியருக்கு ஒரு கியர் குறைத்து, எஞ்சின் 2,000 சுற்றுக்கு மேல் ஓடும்படி, 60க்கும் 80க்கும் இடையில் சீராக இருபது நிமிடம். கும்பகோணம் பக்கத்தவர்களுக்கு விக்கிரவாண்டி சாலை இருக்கிறது. சேத்தியாத்தோப்பு-சோழபுரம் இடையிலான 50 கிலோமீட்டர் நான்கு வழிப் பகுதியை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளப் பாலமும் அதில் உண்டு.

ஓடும்போது எஞ்சின் சத்தம் சற்று மாறலாம், கருகல் வாடை வரலாம். நிறுத்தும் நேரத்தில் ரேடியேட்டர் விசிறி பலமாகச் சுற்றினால் ரீஜென் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இன்னொரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணையுங்கள். விளக்கோடு எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டி இழுக்காமல் போய்விட்டாலோ இந்த வைத்தியம் வேண்டாம். அளவுக்கு மேல் கரி சேர்ந்த பெட்டியில் தீ வைத்தால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டிப் பீங்கானே வெடித்துவிடும். அப்போது பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஸ்கேனர் மூலம் நிறுத்திவைத்தே எரிப்பார்கள், அதற்கும் மேலே போய்விட்டால் பெட்டியைக் கழற்றி உலையில் வைத்துச் சுத்தம் செய்வார்கள். டீசலில் கலக்கும் பாட்டில் மருந்து ஆரம்ப நிலைக்கு உதவலாம், சாம்பலை ஒன்றும் செய்யாது. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியால் பெட்டியை அடித்துக் கழுவுவது மெல்லிய சுவரைச் சேதப்படுத்தும்.

இடையில் ஒரு யூரியாச் செய்தி. சில டீசல் கார்களிலும் புதிய லாரி, பஸ்களிலும் நீல மூடியிட்ட இன்னொரு டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியாக் கரைசல். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்கானது, டிபிஎஃப்புக்கு அதனோடு சம்பந்தமில்லை. வீட்டில் யூரியா மூட்டை இருக்கும் ஊரில் யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான், ஆனால் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். 2015 முதல் நம் வயல் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசி வருகிறது. பயிருக்கு நல்லது, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவியைக் கெடுத்துவிடும்.

அடுத்தது டிராக்டர்

டிராக்டருக்கும் அறுவடை மெஷினுக்கும் புகை விதிகள் தனி. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நான்காம் கட்ட விதி 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அடுத்த கட்டம் துகள்களின் எண்ணிக்கைக்கே வரம்பு வைக்கிறது. அதன் தேதி தள்ளிப்போடப்பட்டாலும் திசை மாறவில்லை. அது நடைமுறைக்கு வரும்போது வடிகட்டி வயலுக்குள் இறங்கும்.

வேடிக்கை என்னவென்றால், கார் படும் பாட்டை மெஷின் படாது. சேற்றுழவு ஓட்டும் டிராக்டரும், காலையிலிருந்து இருட்டும்வரை அறுக்கும் பெல்ட் மெஷினும் முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடுபவை. அவற்றின் புகை தானாகவே சூடாக இருக்கும், கரி எரிந்துகொண்டே இருக்கும். மெஷினுக்கு வரப்போகும் கவலை சூட்டால்தான். அறுத்த வைக்கோல் காலடியில் கிடக்க, மேலே பதர் படிந்திருக்க, நடுவயலில் ரீஜென் பொத்தானை அழுத்தலாமா கூடாதா என்பதை ஓட்டுநருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். தஞ்சை மாவட்டத்து வயல்களில் சம்பா அறுக்கும் மெஷின்களில் பல வெளி மாவட்டங்களிலிருந்து சீசனுக்கு வருபவை, ஓட்டுநர்களும் அப்படியே. அவர்களுக்கான பயிற்சியை மெஷின் விற்பவர் கொடுப்பாரா, வேளாண் பொறியியல் துறை கொடுக்குமா என்பதை முதல் வடிகட்டி வயலில் இறங்குவதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.